பந்தி, படுக்கை, பேரேடு

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போனால், திங்கள்சந்தையை ஒட்டி இருக்கிறது நெய்யூர். சின்ன ஊர்தான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பெயரை அறியாதவர் இல்லை. "நெய்யூர் ஆஸ்பத்திரி" என்று சொன்னால் போதும். எல்லை தாண்டிக் கேரளத்திலும் தலையசைப்பார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் அதிகம். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி 100 பேரில் ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். 49 பேர் இந்துக்கள். 4 பேர் முஸ்லிம்கள். ஊருக்கு ஓர் ஆலயமாவது இருக்கும். பல ஊர்களில் இரண்டு மூன்று இருக்கும்.

இங்கே எழுப்புதல் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. "எழுப்புதல்" என்பது கிறிஸ்தவர்கள் வழங்கும் சொல். தூங்கிப் போன பக்தி விழித்துக்கொள்வது என்று பொருள். பந்தல் போடுவார்கள். ஒலிபெருக்கி கட்டுவார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் வருவார். மூன்று நாள், ஐந்து நாள் என்று கூட்டம் நடக்கும்.

பத்திரிகையைப் புரட்டினால் வேறு வகைச் செய்தி கண்ணில் படுகிறது. சபைத் தேர்தலில் தகராறு. பதவிக்கு வழக்கு. சொத்துக்கு வழக்கு. நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள்.

ஒரு பக்கம் விழிப்புக்காக ஜெபம். மறுபக்கம் நாற்காலிக்காகப் போட்டி. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகும் பெரியவர்களே வருந்திக் கேட்கிறார்கள்: "நம் சபைக்கு என்ன ஆயிற்று? எப்போது சரியாகும்?"

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. சபை நடத்தும் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சபை நடத்தும் ஆஸ்பத்திரியில் எல்லாச் சாதியாரும் படுத்து எழுந்து போகிறார்கள். அந்த வீடு நன்றாக இருந்தால்தான் தெருவுக்கும் நல்லது.

பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெய்யூரின் பழைய கதையே பதில் சொல்கிறது.

வழக்கு என்ன?

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம்.

நெய்யூர் சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 27-ந் தேதி, நாடு சுதந்திரம் பெற்று ஆறு வாரம் ஆனபோது, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இந்தச் சபை பிறந்தது. அதுவரை தனித்தனியே நின்ற ஆங்கிலிகன் சபை, மெதடிஸ்ட் சபை, தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. ஆங்கிலிகன் சபையும் மற்றச் சபைகளும் பேதம் பாராமல் ஒன்று சேர்ந்ததை உலகமே வியந்து பார்த்தது.

சி.எஸ்.ஐ. அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. சில ஊர்ச் சபைகள் சேர்ந்தால் ஒரு சேகரம். பல சேகரங்கள் சேர்ந்தால் ஒரு பேராயம். பேராயங்கள் எல்லாம் சேர்ந்த மேல் சபைக்கு சினாட் என்று பெயர். அதன் தலைவர் பிரதமப் பேராயர். கன்னியாகுமரிக்குத் தனிப் பேராயம் 1959-ல் ஏற்பட்டது. கீழே சபைக் கமிட்டி முதல் மேலே சினாட் வரை தேர்தல் உண்டு.

தேர்தல் இருப்பது பெருமைக்குரிய விஷயம். சாதாரண விவசாயியும் பள்ளி ஆசிரியையும் ஓட்டுப் போட்டுத் தங்கள் சபையை நடத்துகிறார்கள். ஆனால் பதவியோடு வேறு பல காரியங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, நிலம், கட்டட ஒப்பந்தம், வேலை நியமனம் எல்லாம் அந்தப் பதவியின் கையில். தேன் இருக்கும் இடத்தில் ஈ மொய்க்கத்தானே செய்யும்?

2023 ஜனவரியில் நடந்த பிரதமப் பேராயர் தேர்தலும், பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70-ஆக உயர்த்திய திருத்தமும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. அந்தத் தேர்தல் செல்லாது என்று 2023 செப்டம்பரில் தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2024 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, சபை நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வு பெற்ற இரண்டு நீதிபதிகளை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று.

குமரி மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 2024 அக்டோபரில், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விசாரணைக்கு வந்தது. அப்போது நீதிமன்றம் ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. இந்து அறநிலையங்களுக்குச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் வக்ஃபு சொத்துகளுக்குச் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவ நிறுவனங்களுக்கும் அதைப் போல ஒரு மேற்பார்வை ஏன் இருக்கக் கூடாது என்பதே அந்தக் கேள்வி.

"கூடாது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மத காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள ஒவ்வொரு மதத்தாருக்கும் அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவு உரிமை தருகிறது. சிறுபான்மையோர் பள்ளி, கல்லூரி நடத்த 30-வது பிரிவு உரிமை தருகிறது. சர்க்கார் கை உள்ளே நுழைந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

"வேண்டும்" என்று சொல்பவர்களில் அந்நியர் குறைவு. சபைக்குள்ளேயே இருந்து, மனம் வெறுத்து, நீதிமன்றப் படி ஏறியவர்கள்தான் அதிகம். இதுதான் கவலைக்கு உரியது. பிள்ளைகளே வீட்டுக் கணக்கைக் கேட்கக் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்றால், வீட்டுக்குள் கேட்க இடம் இல்லை என்றுதானே பொருள்?

ஆகவே சட்டம் வருமா, வராதா என்பது இரண்டாவது கேள்வி. சபை தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமா என்பதே முதல் கேள்வி. வீட்டை நாமே பெருக்கினால் அயலார் துடைப்பம் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

கோட்டு இல்லாத பாதிரியார்

இனி நெய்யூரின் கதைக்கு வருவோம்.

இந்தப் பகுதி அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1-ந் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவர். மனத்துக்கு நிம்மதி தேடிச் சிதம்பரம் வரை யாத்திரை போனார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அவர் அழைத்ததின் பேரில் 1806-ல் ஜெர்மானியப் பாதிரியார் ரிங்கல்தௌபே வந்தார். லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய ஆள் இவர். சம்பளத்தில் பெரும் பகுதியை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவார். 1816-ல் உடல் நலம் கெட்டு இந்த நாட்டை விட்டுப் போனபோது, போட்டுக்கொள்ள நல்ல கோட்டு ஒன்றுகூட அவரிடம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர் போன பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் வெள்ளைக்காரப் பாதிரியார் யாரும் இல்லை. சபை சிதறவில்லை. வேதமாணிக்கம் அதைக் கட்டிக் காத்தார். பணம் இல்லை, கட்டடம் அதிகம் இல்லை, சர்க்கார் ஆதரவும் இல்லை. ஒரு மனிதரின் உண்மை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

1818-ல் சார்லஸ் மீட் வந்தார். நாகர்கோவிலில் பள்ளியும் அச்சுக்கூடமும் ஏற்பட்டன. வேலை பெருகியதால் மிஷன் இரண்டு பகுதியாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதிக்கு நாகர்கோவில் தலைமை இடம். மேற்குப் பகுதிக்கு 1828-ல் நெய்யூர் தலைமை இடம் ஆயிற்று. மீட் நெய்யூருக்குக் குடிவந்தார்.

மேலாடையும் ஒரு கல்யாணமும்

அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் தாழ்த்தப்பட்ட பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. வரிக்கு மேல் வரி. கூலி இல்லாத ஊழிய வேலை.

கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போடத் தொடங்கினார்கள். சந்தையிலும் சாலையிலும் அவர்கள் ஆடையைக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன. பள்ளிக்கூடங்கள் எரிந்தன. 1822-ல் தொடங்கிய போராட்டம் விட்டு விட்டு 1859 வரை நடந்தது. அந்த ஆண்டில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜா உத்தரவு போட்டார். அப்போதும், உயர் சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது.

அடி வாங்கிய அந்தப் பெண்கள் பிரசங்கம் செய்யவில்லை. சட்டையைக் கழற்ற மறுத்தார்கள், அவ்வளவுதான். நாஞ்சில் நாட்டுச் சபையின் முதல் எழுப்புதல் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத எழுப்புதல் அது.

இதுவரை பெருமைப்படும் கதை. இனி வருவது சபையைச் சங்கடப்படுத்தும் கதை.

1850-ல் சென்னையில் பல மிஷன்களின் பாதிரிமார் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். சாதியை விடாதவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்றார்கள். சாதியை விட்டதற்கு என்ன அடையாளம்? எந்தச் சாதியார் சமைத்ததையும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல தீர்மானம்தான்.

இது நடந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் சார்லஸ் மீட் ஒரு காரியம் செய்தார். மனைவியை இழந்திருந்த அவர், லோயிஸ் பிடல்ப் என்ற இந்தியப் பெண்ணை மணந்தார். அவள் பறையர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். மணமகனுக்கு வயது 60-ஐ ஒட்டியிருந்தது. ஆனால் பேச்சு எழுந்ததற்குப் பெரிய காரணம் வயது அல்ல, சாதி. கூட வேலை செய்த பாதிரிமார் ஒப்பவில்லை. சபையாரில் பலரும் ஒப்பவில்லை.

நெய்யூரில் மிஷனுக்கு அடிக்கல் நாட்டியவர் அந்த மிஷனை விட்டே போக நேர்ந்தது. பிறகு திருவிதாங்கூர் சர்க்காரில் அச்சுக்கூட வேலையும் பள்ளிக்கூட வேலையும் பார்த்தார். 1873-ல் காலமானார்.

பந்தியில் சேர்ந்து சாப்பிடத் தீர்மானம் போட்டவர்களுக்குக் கல்யாணப் பந்தல் கசந்துவிட்டது! கொள்கை பேசுவது எளிது. அது நம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் உண்மை தெரியும்.

இந்த நோய் நெய்யூரோடு நிற்கவில்லை. எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910-ல் அதை இடித்தார்கள். சுவர் போயிற்று. மனச் சுவர் போயிற்றா? 2008-ல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் ஒரே மதத்துக் கிறிஸ்தவர்களுக்குள் சாதிக் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

நல்ல செய்தியும் உண்டு. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர் தேவசகாயம். அரண்மனை உத்தியோகஸ்தர். கிறிஸ்தவர் ஆன பிறகு சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ந் தேதி போப் பிரான்சிஸ் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்து "பிள்ளை" என்ற சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டது. ஒரு பெயரின் வால்தானே என்று நினைக்கலாம். ஆனால் அந்த வாலுக்குள் எத்தனை நூற்றாண்டு இருக்கிறது என்பது தமிழர்களுக்குத் தெரியும்.

இமயத்திலிருந்து இறங்கியவர்

நெய்யூரின் பெயரை உலகம் அறியச் செய்தது அதன் ஆஸ்பத்திரி.

1838-ல் டாக்டர் ராம்சே இங்கே வைத்திய வேலையைத் தொடங்கினார். சில வருஷத்தில் அது நின்று போயிற்று. 1852-ல் டாக்டர் லீட்ச் வந்தார். இரண்டே வருஷம். 1854-ல் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார். 1861-ல் டாக்டர் லோ வந்தார். தாம் ஒருவரே வைத்தியம் செய்தால் போதாது என்று உணர்ந்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்தார். அவர்கள் கிராமம் கிராமமாகப் போய் மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அணைந்த விளக்கை மூன்றாம் முறை ஏற்றி, அணையாமல் காத்த கதை இது.

அடுத்த பெயரை எல்லாரும் அறிவார்கள். டாக்டர் சாமர்வெல்.

இங்கிலாந்தில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. தேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் காயம்பட்டவர்களைப் பார்த்தவர். மலை ஏறுவதில் வல்லவர். 1922-ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன ஆங்கிலக் குழுவில் அவரும் ஒருவர்.

அந்தப் பயணத்தில் பனிச்சரிவு விழுந்து, சுமை தூக்க வந்த 7 பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. அந்த ஏழைகள் மட்டும் இறந்து தாங்கள் பிழைத்தது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இதைப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

திரும்பும்போது தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூருக்கும் வந்தார். அங்கே ஒரே ஒரு வெள்ளைக்கார டாக்டர், முடிவே இல்லாத நோயாளிக் கூட்டத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். சாமர்வெல் பார்த்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல வேலை காத்திருந்தது. அதை வேண்டாம் என்றார். 1923-ல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். தொண்டை உறைந்து மூச்சடைத்துச் சாகும் நிலைக்கு வந்து பிழைத்தார். உலகம் புகழ்ந்தது. அவரோ இறங்கி நேரே நெய்யூருக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தார்.

இருபது வருஷத்துக்கு மேல் இங்கே வேலை செய்தார். குடல் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெற்றிலை புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர்களுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தார். புற்றுநோய் வைத்தியத்துக்கு நெய்யூர் பெயர் பெற்றதன் தொடக்கம் அதுதான். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1975-ல் காலமானார்.

இந்தக் கதையை எல்லா மதத்தாரும் மரியாதையோடு சொல்கிறார்கள். காரணம், படுக்கையில் கிடப்பவனிடம் சாதியும் மதமும் கேட்காமல் சிகிச்சை நடந்தது. ஒரு சபையைப் பற்றி வெளியார் என்ன சொல்கிறார்கள் என்பது நல்ல அளவுகோல். தன் புகழைத் தானே பாடுவது யாருக்கும் சுலபம்.

கடன் அடைத்த எழுப்புதல்

"அப்படியானால் எழுப்புதல் கூட்டமே வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான எழுப்புதல்கள் நடந்திருக்கின்றன.

1904-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில் ஒரு பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் ஆலயங்களில் குவிந்தார்கள். மதுக்கடைகள் வெறிச்சோடின. பல வருஷமாகக் கொடுக்காத கடனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுரங்கத்தில் வண்டி இழுத்த மட்டக் குதிரைகள், வசைச் சொல் கேட்டே பழகியதால், வசை இல்லாத கட்டளை புரியாமல் நின்றன என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. 1905-ல் அஸ்ஸாம் பக்கத்துக் காசி மலைகளில் எழுந்தது. அதே ஆண்டில் குமரி எல்லைக்கு அருகே உள்ள டோனாவூரிலும் எழுந்தது. அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்துவந்தார்.

வேல்ஸ் நாட்டு உற்சாகம் சில வருஷத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அடைத்த கடன் அடைத்ததுதான். காப்பாற்றிய குழந்தை காப்பாற்றியதுதான். ஆகவே எழுப்புதலை அளக்கக் கண்ணீரின் அளவைப் பார்க்க வேண்டாம். கூட்டம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு எத்தனை கடன் அடைந்தது, எத்தனை பகை தீர்ந்தது, எத்தனை வழக்கு வாபஸ் ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

பிடியரிசி யாருடையது?

தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. அதற்குப் பிடியரிசி என்று பெயர். உலையில் போட அரிசி எடுக்கும்போது, அம்மா ஒரு பிடியைத் தனியே ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பாள். அது ஆலயத்துக்கு. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது.

இன்று சபைகளிடம் இருக்கும் சொத்து வெறும் வெளிநாட்டுப் பணத்தால் மட்டும் வந்தது அல்ல. இப்படிப் பிடி பிடியாகவும் சேர்ந்தது. அதன் கணக்கைக் கேட்க அந்த அம்மாவுக்கு உரிமை இல்லையா? "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. ஆண்டவருக்குப் போட்டதை அளக்காமல் விடலாமா?

கணக்குக் கேட்பதை விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. கணக்குக் காட்டுவதும் பக்தியில் ஒரு பகுதிதான். காட்டுகிறவருக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. நாளை யாரும் அவர் மேல் பழி சொல்ல முடியாது.

செய்யக் கூடிய காரியங்கள் பெரிய மந்திரம் அல்ல. சபையின் வரவு செலவைப் படிக்கத் தெரிந்த எல்லோரும் படிக்கும்படி ஆலய வாசலில் ஒட்டலாம். ஒரே ஆள் ஒரே பதவியில் திரும்பத் திரும்ப உட்காராதபடி வரம்பு வைக்கலாம். வேலை நியமனத்தைத் தேர்தலில் ஜெயித்தவர் கையிலிருந்து எடுத்து, தகுதி பார்க்கும் தனிக் குழுவிடம் கொடுக்கலாம். ஓட்டுக்காகச் சாதி பேசுகிறவரை, அவர் நம் சாதியாராக இருந்தாலும், தோற்கடிக்கலாம்.

பெண்களுக்கு இடம் கொடுப்பதும் இதில் சேரும். சி.எஸ்.ஐ. சபையில் 1976-லிருந்து பெண்கள் போதகர் ஆகிறார்கள். 2013-ல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா வந்தார். பிடியரிசி சேர்க்கும் கை, அதன் கணக்கைப் பார்க்கும் கமிட்டியிலும் இருக்க வேண்டும் அல்லவா?

மற்றச் சபைகளிலும் இதே யோசனை நடக்கிறது. கத்தோலிக்க சபையில் 2021 முதல் 2024 வரை போப் பிரான்சிஸ் ஒரு பெரிய ஆலோசனையை நடத்தினார். மேலே இருப்பவர் பேசக் கீழே இருப்பவர் கேட்பது மட்டும் போதாது, மேலே இருப்பவரும் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். ரோமிலேயே இந்தப் பேச்சு வந்துவிட்டது என்றால், நம் சேகரங்களில் வருவதற்கு என்ன தடை?

மூன்று இடங்கள்

நெய்யூரின் 200 வருஷக் கதையைச் சுருக்கினால் மூன்று இடங்கள் மிஞ்சும்.

ஒன்று பந்தி. நம் சபையில் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? அசன விருந்தில் சேர்ந்து உட்காரும் நாம், சம்பந்தம் பேசும்போதும் சேர்ந்து உட்காருகிறோமா? மீட் தோற்ற இடம் இது அல்ல. அவரை வெளியேற்றியவர்கள் தோற்ற இடம் இது.

இரண்டு படுக்கை. பணம் இல்லாத நோயாளி நம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் என்ன ஆகிறான்? பீஸ் கட்ட முடியாத பிள்ளை நம் பள்ளிக்கு வந்தால் என்ன ஆகிறது? சாமர்வெல் லண்டன் வேலையை விட்டது படத்தில் மாலை வாங்குவதற்கு அல்ல.

மூன்று பேரேடு. கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

இந்த மூன்று இடத்திலும் உண்மை இருந்தால், எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் சிறியதாக இருந்தாலும் போதும். உண்மை இல்லாவிட்டால், எத்தனை ஒலிபெருக்கி கட்டினாலும் சத்தம்தான் மிச்சம்.

நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்று சொல்லலாம். நிர்வாகிகளை நியமிக்கலாம். சர்க்கார் ஒரு சட்டமும் கொண்டுவரலாம். ஆனால் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் பக்கத்தில் அன்போடு உட்கார வைக்க எந்த நீதிபதியாலும் முடியாது. அதைச் சபையார்தான் செய்ய வேண்டும்.

வேதமாணிக்கத்திடம் பேராலயம் இல்லை. குப்பாயம் போட்ட பெண்களிடம் ஓட்டு இல்லை. ஆனாலும் சபையை உயிரோடு வைத்தவர்கள் அவர்கள்தான். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று எல்லாம் இருக்கிறது. அடுத்த சபைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, தூங்காமல் கேட்டு, புரியாத இடத்தில் கை தூக்கி ஒரு கேள்வி கேட்டால் போதும். விழிப்பு அங்கிருந்தே தொடங்கும்.